சின்னச்சாமி ஏன் போகவில்லை

வில்லாபுரத்தில் ஹம்சவேணி யார் என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் பிடிபடாது. ஸ்வர்ணாவின் தம்பி பெண்டாட்டி, எல்லா விசேஷத்துக்கும் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பாளே, அவள்தான் என்றால் உடனே தெரிந்துவிடும். ஐம்பது வயதை ஒட்டி அவள் ஒரு நாவல் எழுதினாள். அதற்குப் பிறகும் ஊரில் அவளுக்கு அதே அடையாளம்தான். ஒருவரை ஒரு தடவை இன்னார் என்று முடிவு கட்டிவிட்டால் மறுபடி ஏறிட்டுப் பார்க்கிற வேலை மிச்சம் அல்லவா?

ஸ்வர்ணா, ஹம்சவேணியின் கணவன் ஹரிஷ்குமாரின் அக்கா. அடுத்த தெருவில்தான் வீடு. சௌராஷ்டிரக் குடும்பங்களில் உறவு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க ஆள் இல்லை. அதனால் பூணூல், நிச்சயம், கல்யாணம், கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு மண்டபத்தில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் முதலில் ஸ்வர்ணா வீட்டுக்குத்தான் வருவார்கள். யார் முகூர்த்தத்துக்கு, யார் வரவேற்புக்கு, யார் முதல்நாளே போய்க் கூடமாட நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அவள்தான் பிரித்துக் கொடுப்பாள். ஒருவர் குறைந்தால் விடமாட்டாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஹம்சவேணி தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். மண்டபத்தில் நல்ல காபி கொடுப்பார்கள், கிளம்பு என்றாள் ஸ்வர்ணா. காய்ச்சல் என்றால் மாத்திரையோடு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஆடிட் என்றால், ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் ஆடிட் என்று கேட்டாள். எனக்குப் போகப் பிடிக்கவில்லை என்ற ஒன்றை மட்டும் ஹம்சவேணி சொல்லிப் பார்க்கவே இல்லை. அப்படி ஒன்றைச் சொல்லலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போய், சிரித்து, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு திரும்பி வருவாள். வருகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மே மாதம் வந்தால் மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பெற்றோர் வரிசை கட்டுவார்கள். விலகுவதற்கான காரணம் என்று அதில் ஓர் இடம் உண்டு. வீடு மாற்றம், வேலை மாற்றம் என்று எதையாவது சொல்லுவார்கள், அவளும் எழுதிக்கொடுத்துவிடுவாள். ஒரு வருஷம் எழுமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். காரணம் கேட்டாள். பையனைக் கூட்டிட்டுப் போறேன், அம்புட்டுத்தான் என்றார். காரணம் எழுதாமல் கொடுக்க முடியாது என்றாள். அவர் கோபப்படவில்லை. யோசித்துப் பார்த்து, அப்படி ஒண்ணும் இல்லையே என்றார். கடைசியில் இவளே பெற்றோர் விருப்பம் என்று எழுதிக் கொடுத்தாள். அதையும் வாங்கிப் படித்துவிட்டு, “விருப்பம்னும் சொல்ல முடியாது தாயி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆளை அவளால் மறக்க முடியவில்லை. எரிச்சலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுத ஆரம்பித்தாள். அப்படித்தான் சின்னச்சாமி பிறந்தான்.

நாவலில் சின்னச்சாமிக்கு எழுமலையில் உரக்கடை. ஒரு நாள் காலை மச்சான் மகள் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசல்வரை வருகிறான். திரும்பி உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விடுகிறான். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கும் அவன் போவதில்லை. பெண்டாட்டி அழுகிறாள், மச்சான் பஞ்சாயத்து வைக்கிறான், ஊர் அவன் கடையில் உரம் வாங்குவதை நிறுத்துகிறது. யார் கேட்டாலும் ‘போகல’ என்பான், அவ்வளவுதான். அவனுக்கு யார் மேலும் கோபம் இல்லை, சாமியார் புத்தியும் இல்லை. கடைசி அத்தியாயத்தில் தராசைத் துடைத்துக்கொண்டு வராத ஆட்களுக்காகக் கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

இதை எழுதி முடிக்கப் பல வருஷம் ஆயிற்று. அவள் வாழ்க்கையில் யாரிடமும் காரணம் சொல்லாமல் செய்த ஒரே காரியம் அந்த நாவல்தான். சின்னச்சாமியை யாரும் ஒரு காரணத்துக்குள் அடைத்துவிடாமல் அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

முதலில் படித்தது ஹரிஷ்குமார். ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறவர், நல்ல மனுஷர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் அவனுக்கு என்ன வியாதி என்று கேட்டார். வியாதி எதுவும் இல்லை என்றாள். சர்க்கரை என்று ஒரு வரி போட்டுவிடேன், விருந்து சாப்பிட முடியாமல்தான் போகவில்லை என்று ஆகிவிடும், யாருக்கும் மனவருத்தம் இருக்காது என்றார். ஹம்சவேணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் படித்த பாஷையில்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் இலக்கியக் கூட்டம் நடக்கும். நடத்துகிறவர் கைலாசநாதன், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். சின்னதாக ஒரு பதிப்பகமும் வைத்திருந்தார். இலக்கியம் என்பது தனிமனிதனின் குரல், கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறவனுக்கு இங்கே வேலை இல்லை என்று ஒவ்வொரு வாரமும் சொல்லுவார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கதர் ஜிப்பாவும் ஒரே மாதிரி தோள்பையுமாக ஒரே நேரத்தில் தலையாட்டுவார்கள். சமூகத்தை எதிர்ப்பதில் அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை. யாராவது ஒருவர் ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்றால், அடுத்த வாரம் யாருக்கும் அது பிடிக்காது. ஹம்சவேணிக்கு அந்தக் கூட்டமும் ஒரு விசேஷ வீடு மாதிரியே இருந்தது. ஆனாலும் நாவலைக் கொண்டு கொடுக்க அவளுக்கு வேறு இடம் தெரியாது. சென்னைக்கு அனுப்பிய பிரதிகளுக்குப் பதிலே வரவில்லை.

கைலாசநாதன் படித்துவிட்டு வரச்சொன்னார். மொழி பிரமாதம் என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் சௌராஷ்டிரப் பெண்மணி, பரம்பரையாக நெசவு செய்கிற உங்கள் மக்களின் தறியை எழுதாமல் எழுமலை உரக்கடையை ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் தறியைத் தொட்டுப் பார்த்தது இல்லை சார், என் அப்பா தபால் ஆபீஸில் இருந்தார் என்றாள். அது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. சரி, அது போகட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“சின்னச்சாமி ஏன்மா போகலை?”

“காரணம் எதுவும் இல்லை சார்.”

“ஒருத்தன் சமூகத்தையே மறுக்கிறான். சும்மா மறுப்பானா? வாசகன் ஏத்துக்க மாட்டான்மா.”

பக்கத்தில் அழகுராஜா இருந்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கவிஞன், நல்ல பையன், பேச ஆரம்பித்தால்தான் தொல்லை. “யக்கா, எங்க பக்கம் ஒருத்தன் விசேஷத்துக்குப் போகலைன்னா அவனுக்கு உள்ள ஒரு காயம் இருக்கும்க்கா. அதைத் தோண்டி எடுங்க” என்றான். காயமே இல்லாத ஒருவன் போகாமல் இருக்கக் கூடாதா என்று ஹம்சவேணி கேட்டாள். அப்படி இருந்தால் அவன் சுயநலக்காரன், அவனை வைத்து நாவல் எதற்கு என்றார் கைலாசநாதன். தனிமனிதனின் குரல் என்று வாராவாரம் முழங்குகிற வாய் அது. அவளுக்குக் காது சூடேறிவிட்டது. எழுந்து வந்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் நாவல் பீரோவில் இருந்திருக்கும், சின்னச்சாமியும் பிழைத்திருப்பான். ஆனால் ஹரிஷ்குமார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அக்காவிடம் சொல்லிவிட்டார். ஸ்வர்ணா ஒரு கல்யாண வரவேற்பில் நாலு பேரிடம் சொன்னாள், எங்கள் ஹம்சா புத்தகம் போடுகிறாள் என்று. அவ்வளவுதான். அடுத்த விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையிலிருந்து கேள்வி, புத்தகம் எப்போது? கை கழுவப் போனால் அங்கேயும் அதே கேள்வி. வயசுக்கு வந்த பெண்ணை எப்போது கட்டிக்கொடுக்கப் போகிறாய் என்று கேட்கிற அதே தொனி. இன்னும் அமையவில்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அது ஏதோ குறை மாதிரி ஆகிவிட்டது. எந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று ஒருவனை உண்டாக்கினாளோ, அந்தக் கூட்டத்துக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அவனைக் கொண்டுபோய்த் திரும்பவும் கைலாசநாதனிடம் ஒப்படைத்தாள்.

ஒரே ஓர் அத்தியாயம் போதும், புத்தகத் திருவிழாவுக்கே கொண்டுவந்துவிடலாம் என்றார் அவர். அந்த அத்தியாயத்தை அவள் எழுதவில்லை, அந்த மாடியே சேர்ந்து எழுதியது. டீ வந்தது, வடை வந்தது, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஜாதிச் சண்டை என்றார் ஒருவர், தேய்ந்துபோன விஷயம் என்று தள்ளினார்கள். காதல் தோல்வி என்றார் இன்னொருவர், அதைவிடத் தேய்ந்தது என்றார்கள். பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பிவிடலாம், இலையில் பாதிச் சோறு இருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷனுக்காக எழுந்திருக்கச் சொல்லலாம் என்றான் அழகுராஜா. மாடி முழுக்க ‘அடடா’ என்றது. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், அவளும் எழுந்திருக்கட்டும் என்றார் கைலாசநாதன். ஹம்சவேணி வடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பார்க்கும்போதும் அவளை இப்படித்தான் உட்காரவைத்திருந்தார்கள்.

எழுதினாள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், நன்றாக எழுதிவிட்டாள். பாதிச் சோற்றில் எழுந்த அம்மா கையைக் கழுவாமல் முந்தானையில் துடைத்துக்கொள்கிற இடத்தை எழுதும்போது அவளுக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவுக்கு உறவுக்காரர்கள் திரண்டு வந்தார்கள். எல்லா வீட்டுக்கும் போய் வந்தவள் வீட்டு விசேஷம், எப்படி வராமல் இருப்பார்கள்? பட்டு கட்டி, பூ வைத்து, பாதிப் பேர் கையில் மொய்க்கவரோடு வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் புத்தகம் விற்கிற மேஜையில் கொடுத்துவிட்டு, எழுதிக்கொள்ளுங்கள் என்று பெயர் சொன்னார்கள். மேஜையில் இருந்த அழகுராஜா புத்தகத்துக்குத்தான் பணம் என்று நினைத்து ஆளுக்கொரு பிரதியை நீட்டினான். தாம்பூலப் பை என்று நினைத்து அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். கேசரியும் காபியும் ஸ்வர்ணாவின் ஏற்பாடு.

மேடையில் பேசியவர்கள் எல்லாரும் பந்தி அத்தியாயத்தைப் பற்றியே பேசினார்கள். சமூகத்தின் கன்னத்தில் விழுந்த அறை என்றார் ஒருவர். அந்த ஒரு அத்தியாயத்துக்காகவே மற்ற அத்தியாயங்களை மன்னிக்கலாம் என்றார் இன்னொருவர். அதற்கும் கைதட்டல். ஏற்புரையில் அந்த அத்தியாயம் என்னுடையது இல்லை என்று சொல்லிவிடத்தான் ஹம்சவேணி எழுந்தாள். முன்வரிசையில் சம்பந்திகள், பின்வரிசையில் தோள்பைகள். எல்லாருக்கும் நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் சில வாரங்கள் கழித்து வண்டியூரில் ஒரு பூணூல். ஞாயிற்றுக்கிழமை காலை. ஹரிஷ்குமார் முதல்நாளே போய்விட்டார், அது அவருக்கு ஒதுக்கப்பட்ட பங்கு. ஹம்சவேணி புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது ஸ்வர்ணா வந்தாள். வழக்கமாக வாசலிலிருந்தே நேரமாச்சு என்று குரல் கொடுக்கிறவள், அன்றைக்கு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். உறவில் அத்தனை பேர் வாங்கிப்போன புத்தகத்தை ஒரு ஆளாவது படித்தாரா என்று ஹம்சவேணி யோசித்ததுண்டு. படித்தது இவள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மதியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன் என்றாள் ஸ்வர்ணா. வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில்தான் பேசினார்கள், தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

“அவன் சட்டையைக் கழட்டி ஆணில மாட்டிட்டுக் கடைக்குப் போறான் பாரு, அதைப் படிச்சதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு ஹம்சா. நம்ம மாதிரி ஒருத்தன் இருக்கான்டான்னு.”

ஹம்சவேணி மடிப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். யார் மாதிரி என்று கேட்டாள்.

“என் மாதிரிதான். எனக்கு எந்த விசேஷமும் எப்பவுமே பிடிச்சதில்லை. சின்ன வயசிலேர்ந்து. யாரும் ஒண்ணும் சொன்னதில்லை, யாரும் எந்திரிக்கச் சொன்னதில்லை. பிடிக்கலை, அம்புட்டுத்தான்.”

“அப்புறம் எதுக்குக்கா எங்க எல்லாரையும் இழுத்துட்டுப் போனீங்க?”

“தனியாப் போக முடியலை.”

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மாத்திரையும் கையுமாக வாசலில் வந்து நின்றவள் இவள். இவளுக்குப் பயந்துதான் ஹம்சவேணி ஒவ்வொரு மண்டபத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் இவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாளா? சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

ஸ்வர்ணா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். ஒவ்வொருத்தரும் ஏன் ஏன் என்று கேட்டு அவன் ‘போகல’ என்று மட்டும் சொல்கிறபோதெல்லாம், காரணத்தைச் சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே படித்தாளாம். பிறகு பந்தி வந்ததாம்.

“நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அதுக்கு மேல என்னால படிக்க முடியலை. அவனுக்குக் காரணம் இருக்கு. எனக்கு இல்லையே. மூடி வச்சிட்டேன்.”

புத்தகத்தைக் கட்டில்மேல் வைத்தாள். யாருக்காகச் சின்னச்சாமியை எழுதினோம் என்று ஹம்சவேணி ஒருநாளும் யோசித்தது இல்லை. அடுத்த தெருவில் ஒருத்தி அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளிடம் போய்ச் சேர்வதற்குள் அவனை மாடியில் உட்காரவைத்து, வடை தின்றுகொண்டு நாலு பேர் திருத்திவிட்டார்கள், இவளும் கூட இருந்து எழுதிக் கொடுத்தாள்.

அந்த அத்தியாயம் முதலில் இல்லை அக்கா, அவர்கள் கேட்டதற்காகச் சேர்த்தது, அது இல்லாத பிரதி பீரோவில் இருக்கிறது, தரட்டுமா என்று அவசர அவசரமாகச் சொன்னாள். ஸ்வர்ணா நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“வேணாம். இனிமே அதைப் படிச்சாலும் அந்த அம்மா முந்தானையில கை தொடச்சதுதான் ஞாபகம் வரும்.”

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. ஸ்வர்ணா எழுந்து, ஹம்சவேணியின் புடவை மடிப்பைக் குனிந்து சரிசெய்துவிட்டாள். பரிசுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டாள். எடுத்துக்கொண்டேன் என்றாள் ஹம்சவேணி. இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். வில்லாபுரம் ஆர்ச் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. மனசு ஆறாமல் ஹம்சவேணி பேசினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொன்னாள்.

“அக்கா, இன்னைக்கு ஒருநாள் போகாம இருந்துருவோமா? வண்டியத் திருப்பச் சொல்றேன்.”

ஸ்வர்ணாவின் முகம் ஒரு கணம் சின்னப்பெண் முகம் மாதிரி ஆயிற்று. டிரைவரின் முதுகைப் பார்த்தாள். பிறகு தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. என்ன காரணம் சொல்லுவ?”

ஹம்சவேணி வாயைத் திறந்தாள். தலைவலி, காய்ச்சல், ஆடிட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கு நுனிவரை வந்தன. யார் கேட்டாலும் சின்னச்சாமி சொல்லுகிற அந்த ஒற்றைச் சொல் மட்டும் வரவில்லை. ஆட்டோ தெப்பக்குளம் பக்கம் திரும்பியது. மண்டபத்து நாதஸ்வரம் கேட்க ஆரம்பித்ததும் இரண்டு பேரும் பழக்கம்போல முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்கள்.